கெரியோனின் செந்நிற மாடுகள்

மகன் சண்டைக்குப் போய்விடக் கூடாதென்று ஒரு தாய், பாலூட்டிய மார்பைக் காட்டிக் கெஞ்சுகிறாள். மகனுக்கு உடல் மூன்று, கை ஆறு, கால் ஆறு, முதுகில் சிறகு. மெடூசாவின் பேரன் அவன், பெயர் கெரியோன். எதிரே வந்துகொண்டிருப்பவன் ஹெர்குலிஸ்.

ஸ்டெசிகோரஸ் என்ற சிசிலிக் கவிஞர் இதைப் பாடி இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேலாகிறது. பாட்டு தொலைந்தே போயிருந்தது. எகிப்தில் ஆக்சிரிங்கஸ் ஊரின் பழங்குப்பை மேடுகளில் கிடைத்த பாப்பிரஸ் கிழிசல்களிலிருந்து சில துண்டுகள் 1967இல் அச்சேறின. எங்கும் பாதி வரி, கால் வரி. தாய் கல்லிரோயே கெஞ்சுகிற இடமும் அப்படித்தான் அறுந்து கிடக்கிறது. அதை முதலில் வாசித்த இரவு, விட்டுப்போன வரியில் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்தபடியே எனக்குத் தூக்கம் போயிற்று.

பள்ளிக்கூட நாட்களில் படித்த கதைப் புத்தகத்தில் இந்தத் தாய் இல்லை. கெரியோனுக்கே இரண்டு மூன்று வரிதான். மேற்குக் கோடியில், இன்றைய ஸ்பெயினின் காதிஸ் பக்கம், எரிதியா என்ற தீவு. அங்கே இருக்கும் மூவுடல் அரக்கனின் செந்நிற மாடுகளை ஓட்டி வர வேண்டும், அதுதான் ஹெர்குலிஸின் பத்தாவது வேலை. ஓட்டி வந்தான். அடுத்த பக்கத்தில் தங்க ஆப்பிள் வந்துவிடும். ஆனால் அந்த வயதிலேயே ஒன்று உறுத்தியது. ஹெர்குலிஸ் முன்பு கொன்ற நெமியாச் சிங்கமும் ஹைட்ராப் பாம்பும் ஊரை நாசம் செய்தன, சரி. கெரியோன் என்ன செய்தான்? மாடு வைத்திருந்தான்.

பிளேட்டோவின் கோர்ஜியாஸ் உரையாடலை வாசித்தபோது அந்த உறுத்தல் திரும்ப வந்தது. வலியவன் எளியவனுடையதைப் பிடுங்கிக்கொள்வதே இயற்கை நீதி என்கிறான் காலிக்ளிஸ். அதற்கு அவன் காட்டும் சான்று, ஹெர்குலிஸ் விலை கொடுக்காமல், யாரும் தராமல் ஓட்டிப்போன இதே மாடுகள்! பிண்டாரின் பாட்டிலிருந்து எடுத்துச் சொல்கிறான். அதே பிண்டார் இன்னோரிடத்தில் கெரியோனையும் புகழ்கிறார். ஆனால் சீயஸுக்குப் பிடிக்காததைப் பேச மாட்டேன் என்று அங்கேயே நிறுத்திக்கொள்கிறார். அவர் இன்னும் ஒரு வரி பேசியிருக்கலாம்.

ஆநிரை கவர்பவனுக்கு வெட்சி, மீட்பவனுக்குக் கரந்தை என்று படித்து வளர்ந்த மனம் கெரியோனைக் கரந்தையில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறது. பல்லவர் காலத்து எடுத்தனூர் நடுகல்லில், எருமைகளைக் காத்து மாண்டவனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். கெரியோனிடமும் ஒரு நாய் இருந்தது. ஓர்த்ரோஸ், இரட்டைத் தலை. மாடுகளைக் காக்க முதலில் பாய்ந்ததும் முதலில் செத்ததும் அதுதான். அடுத்து மேய்ப்பன் யூரிதியோன். கி.மு. 510 வாக்கில் யூஃப்ரோனியோஸ் தீட்டிய மதுக்கிண்ணம் மியூனிக்கில் இருக்கிறது. அதில் நாய் அம்பு தைத்து மல்லாந்து கிடக்கிறது. கெரியோனின் மூன்று உடல்களில் ஒன்று ஏற்கெனவே பின்னால் சாய்கிறது, மற்ற இரண்டும் இன்னும் கேடயம் ஏந்தி நிற்கின்றன.

ஸ்டெசிகோரஸின் கெரியோன் நின்று யோசித்தவன். மூப்பும் சாவும் தனக்கு உண்டென்றால், மாடுகள் பறிபோவதைப் பார்த்துக்கொண்டு இருப்பதைவிட இப்போதே சாவது மேல் என்று சொல்லிவிட்டுப் போகிறான். ஹைட்ராவின் நஞ்சு தோய்ந்த அம்பு நெற்றியில் பாய்கிறது. ஹைட்ரா ஓர்த்ரோஸின் உடன்பிறப்பு என்பதை நினைத்தால் இன்னும் கசக்கிறது. ஒரு தலை, இதழ் உதிர்க்கும் கசகசாப் பூப்போலச் சாய்கிறது என்கிறார் கவிஞர். அரக்கன் சாகும்போது பூவை நினைத்த அந்த மனசுக்காகவே ஸ்டெசிகோரஸை நான் விட்டதில்லை.

தாந்தேயை மட்டும் இந்த ஒரு விஷயத்தில் என்னால் மன்னிக்க முடியவில்லை. தன் காவியத்தின் நரகத்தில் கெரியோனை வஞ்சகத்தின் உருவமாக்கிவிட்டார்: நேர்மையானவன் முகம், பாம்பு உடல், தேள் கொடுக்கு. யாரையும் ஏமாற்றாதவனுக்கு இந்த வேடம். கனடாக் கவிஞர் ஆன் கார்சன் 1998இல் அவனைச் சிவந்த சிறகுள்ள சிறுவனாக்கி, ஹெர்குலிஸ் மேல் காதல் கொள்ள வைத்தபோதுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது. அங்கே அம்புக்கு வேலையில்லை. காதலன் விட்டுப்போவதே போதும்.

ஸ்பெயினின் லா கொருன்யாவில் ரோமானியர் கட்டிய கலங்கரை விளக்கம் இன்னும் எரிகிறது. 2009இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. பெயர் ஹெர்குலிஸ் கோபுரம். அடியில் புதைந்திருப்பது கெரியோனின் தலை என்கிறது ஊர்க் கதை. நகரச் சின்னத்திலும் கோபுரத்தின் கீழ் மண்டையோடு உண்டு.

மாடுகள் பிறகு என்னவாயின? இத்தாலி வழியே ஓட்டி வருகையில், ரோம் நகரம் எழவிருந்த இடத்தில், காக்கஸ் என்ற அரக்கன் சிலவற்றைத் திருடி, தடம் தெரியாமலிருக்க வாலைப் பிடித்துக் குகைக்குள் இழுத்துப்போனான். திருடியதற்காக ஹெர்குலிஸ் அவனைக் கொன்றான். அந்த நீதிக்கு நன்றியாக அங்கே ஹெர்குலிஸுக்குப் பெரிய பலிபீடம் எழுந்தது. எஞ்சிய மாடுகள் கிரேக்கம் போய்ச் சேர்ந்தன. கொண்டுவரச் சொன்ன அரசன் யூரிஸ்தியஸுக்கு அவை தேவையே இல்லை. கைக்கு வந்ததும் ஹேராவுக்குப் பலியிட்டுவிட்டான்.