ஒலக்கூரிலிருந்து ஜித்தா வரை

சென்ற ஆண்டு இளங்கலைப் படிப்பை முடித்துச் சென்ற மாணவர் ஒருவர் அண்மையில் எம் துறைக்கு வந்திருந்தார். ஜித்தாவில் வேலை கிடைத்திருக்கும் செய்தியை மகிழ்வோடு கூறியவர், "ஆறு மணி நேரந்தான் ஐயா, வீட்டில் ஏதேனும் என்றால் அன்றைக்கே வந்துவிடலாம்" என்றார்.

அவர் கணக்கில் பிழையில்லை. சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர். இடையில் இறங்காத விமானம் அதனை ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் கடந்துவிடும். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்தங்கியதாகையால், காலை 10 மணிக்குப் புறப்படுபவர் அந்நாட்டுக் கணக்கில் பிற்பகல் 1.30க்கே இறங்கிவிடுவார். எனினும் 'அன்றைக்கே' என்ற சொல் என் நெஞ்சில் தைத்தது.

என் அத்தா ஜித்தாவில் கட்டட வேலை பார்த்தவர். 1992இல் நான் ஒலக்கூரில் ஏழாம் வகுப்பு மாணவன். ஒருநாள் விடியற்காலையில் தாதிமா காலமானார்கள். பெரியத்தா மிதிவண்டியில் சென்று தந்தி கொடுத்து வந்தார். மய்யித்தை நெடுநேரம் வைத்திருப்பது நம் வழக்கமன்று. அன்றே அஸர் தொழுகைக்குப்பின் அடக்கம் நடந்தேறியது.

அத்தா வந்து சேர்ந்தது பதினோராம் நாள். அவருடைய பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது. அவர் ஒப்பமிட்டாலன்றி நாட்டைவிட்டு வெளியேற அனுமதி கிடையாது. அந்த ஓர் ஒப்பத்திற்காக எட்டு நாள் காத்திருந்தாராம். பம்பாயில் இறங்கி, ரயிலேறிச் சென்னை வந்து, பாசஞ்சர் வண்டியில் ஒலக்கூர் நிலையத்தில் இறங்கியவர், வீட்டிற்குள் நுழையாமல் நேரே கபர்ஸ்தானுக்கு நடந்தார். பெட்டியைச் சுமந்து நானும் பின்சென்றேன். ஈரம் உலர்ந்து வெடித்திருந்த மண்ணருகே நின்று துஆ ஓதி முடித்தவர், "பறந்தது சில மணி நேரந்தான்டா" என்றார். வேறொன்றும் கூறவில்லை.

கடல்வழிப் பிரிவில் மகளிரை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்னும் தொல்காப்பிய விதியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் என் அம்மாவின் முகமே நினைவில் எழும். பம்பாயிலிருந்து ஜித்தாவுக்கு ஹஜ் பயணிகளை ஏற்றிச் சென்ற கப்பல்கள் 1995 வரை ஓடின. கப்பலேறியவர் நினைத்தவுடன் திரும்ப இயலாது என்பதை வீட்டார் அறிந்திருந்தனர். விமானத்தை நம்பிய நாங்களோ அதனை மறந்திருந்தோம்.

இவற்றை மாணவரிடம் கூறினேன். 2021 மார்ச் மாதம் முதல் சவூதி அரேபியாவில் தனியார் நிறுவனப் பணியாளர்கள் முதலாளியின் இசைவின்றியே வெளியேறும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம்; வீட்டுப் பணியாளர், வீட்டு ஓட்டுநர் முதலியோருக்கு அச்சலுகை இல்லை.

"உங்கள் வேலை எந்தப் பிரிவில் வருகிறது என்று ஒப்பந்தத்தில் பார்த்தீர்களா, தம்பி?" என்று வினவினேன்.

அவர் பார்த்திருக்கவில்லை. பையிலிருந்து தாள்களை எடுத்தார். இருவரும் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினோம்.