வேலியளவும் நிலத்தளவும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள. கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளுக்குரியவை. குடவோலையில் பெயர் இடப்பெறுவோன் கால்வேலிக்கு மேல் இறைநிலம் உடையவனாதல் வேண்டும் என்பது அவற்றுள் காணும் விதிகளுள் ஒன்று. நிலமளக்கத் தெரிந்த ஊரில்தான் அவ்விதி செல்லும். அத்தகைய ஊரில் நிலமளக்கப் போய் நாம் நாணி நின்றோம்.

உடன்பிறந்தார் இருவருக்குச் சரிபாதியாக வேண்டிய மனை அது. தம்பி மௌத்தாகிவிட்டார், அவர் பங்கு அவருடைய மனைவியையும் யதீம் மக்களையும் சேர வேண்டியது. ஃபராயிள் கற்றவர் என்று நம்மை அழைத்திருந்தனர். அண்ணனுக்கெனக் குறித்த பகுதி நாற்புறமும் 80 அடி. மற்றதன் நீளம் 112 அடி, அகலம் 48 அடி. கயிறு பிடித்துச் சுற்றி வந்தோம். இரண்டுக்கும் 320 அடியே. "சரிபாதிதான்" என்று சொல்லிவிட்டோம். அண்ணனும் கள்ளமின்றித் தலையசைத்தார்.

யதீம்களுள் மூத்தவள், ஒன்பதாம் வகுப்பில் படிப்பவள், கதவோரம் நின்று கேட்டாள்: "ஹஜ்ரத், வேலி சமம். உள்ளே இருக்கும் இடமும் சமமா?"

பெருக்கிப் பார்த்தோம். ஒன்று 6400 சதுர அடி, மற்றது 5376. குறைவு 1024. இரண்டேகால் சென்டுக்கும் அதிகம்! நம் கைவிரல்கள் நடுங்கின.

இந்த 1024 எங்கிருந்து வந்தது? 112 என்பது 80உடன் 32 கூடியது; 48 என்பது 80இல் 32 குறைந்தது. இரண்டையும் பெருக்கினால், 80இன் வர்க்கத்திலிருந்து 32இன் வர்க்கம் கழிந்து நிற்கும். 32இன் வர்க்கமே 1024. எந்த இரண்டு எண்களை எடுப்பினும் இதுவே முறை: கூட்டுத்தொகையின் பாதியை வர்க்கித்து, வித்தியாசத்தின் பாதியை வர்க்கித்துக் கழித்தால் பெருக்குத்தொகை வரும். இடம் மாற்றி எழுதினால், சதுரத்துக்கும் நீள்மனைக்கும் உள்ள வேறுபாடு எப்போதும் ஒரு வர்க்கம். வர்க்கம் பூச்சியத்துக்குக் கீழே போகாது. ஆகவே வேலியளவு ஒன்றாயின், நட்டம் என்றும் நீள்மனைக்காரருக்கே.

நம்மை அதிகம் சுட்டது வேறொன்று. கலீஃபா மஃமூன் காலத்துப் பக்தாதில் அல்குவாரிஸ்மீ எழுதிய ஜப்ரு, முகாபலா நூலைப் பற்றி மாணவருக்கு எத்தனையோ முறை பெருமை பேசியிருக்கிறோம். வர்க்கத்தோடு அதன் வேர் பத்துச் சேர்ந்து 39 ஆகுமெனில் வேர் யாது என்பது அவர் கணக்கு. அவர் சதுரம் ஒன்று வரைந்து, அதன் இரு பக்கங்களில் 5 அகலத்தில் பட்டைகள் ஒட்டுகிறார். மூலையில் ஒரு சதுரம் குறையாக நிற்கும். அந்த 25ஐ இட்டு நிரப்பினால் 64, பக்கம் 8, ஆகவே வேர் 3. குறைந்த மூலையை நிரப்புவதே அங்கு வித்தை. (முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதற்கும் அரபியில் ஜப்ரு என்றே பெயர்.) அந்நூலின் நீண்ட இறுதிப் பகுதி வஸிய்யத்தும் பாகப்பிரிவினையும் பற்றியது. அவர் யாருக்காகக் கணக்குப் போட்டாரோ, அவர்கள் வாசலிலேயே நாம் மூலையை மறந்தோம்.

அண்ணனிடம் நம் பிழையைச் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "எவ்வளவு தள்ள வேண்டும்?" என்றார். 1024இல் பாதி 512. இரு மனைக்கும் பொதுவான 80 அடி எல்லையில் அது ஆறடி ஐந்தங்குல அகலத்துக்குச் சற்றுக் குறைவு. அஸருக்கு முன் கல்லைப் பெயர்த்து நட்டார்கள். கயிற்றின் மறுமுனையை அந்தப் பெண்ணே பிடித்திருந்தாள்.