இரண்டு ஒலிகளுக்கு இடையே

அந்த மாணவி காலைக் கூட்டத்தில் நிற்கமாட்டாள். பாதியிலேயே படியில் உட்கார்ந்துவிடுவாள். மலைச்சரிவில் ஏறிவரும் ஏனைய பிள்ளைகள் மணியடிக்குமுன் வந்துசேர, அவள் மட்டும் மூச்சிரைக்கப் பிந்தி வருவாள். சோம்பல் என்று நாம் தீர்ப்பளித்தோம். 2019 ஆம் ஆண்டில் ஒருநாள், ஒரு பாடவேளை முழுவதும் அவளை வகுப்பு வாசலில் நிற்கவைத்தவரும் நாமே. நெஞ்சைப் பாடிய செய்யுள்களுக்கு நயம் உரைப்பதில் எமக்கிருந்த தேர்ச்சி, எதிரே நின்ற நெஞ்சை அறிவதில் இருக்கவில்லை.

சில வாரங்களின் பின் அவளுடைய தாயாருக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். வைத்தியர் பொறுமையாக விளக்கினார். இருதயத்தின் கீழறைகள் சுருங்கும்போது இருகூர் வால்வும் முக்கூர் வால்வும் மூடிக்கொள்கின்றன. அது முதல் ஒலி. பெருநாடியின் வாயிலிலும் சுவாசநாடியின் வாயிலிலும் உள்ள அரைமதி வால்வுகள் மூடுவது இரண்டாம் ஒலி. அதன் பின்வரும் இடைவேளையில் குருதி மேலறையிலிருந்து கீழறைக்கு ஓசையின்றி இறங்கவேண்டும். 1816 இல் பாரிசில் லெனெக் என்ற வைத்தியர் காகிதத்தைச் சுருட்டி ஒரு பெண்ணின் மார்பொலி கேட்டதிலிருந்து பிறந்த கருவியை அவர் எமது காதில் மாட்டினார். மௌனம் இருக்கவேண்டிய இடத்தில், தொலைவில் லொறி மேடேறுவது போன்ற உறுமல் கேட்டது.

இருகூர் வால்வின் இதழ்கள் தழும்பேறி ஒட்டிக்கொண்டிருந்தன. நான்கு முதல் ஆறு சதுர சென்ரிமீற்றர் அகலமுள்ள வழி இந்நோயில் ஒன்றரைக்கும் கீழே சுருங்கிவிடுவதுண்டாம். தொடக்கம் வெறும் தொண்டை நோவு! அக்கிருமியை எதிர்க்க எழும் உடலின் காவற்படையே வாதக் காய்ச்சலாகி வால்வைத் தாக்குகிறது. ஆனால் கிருமியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமன்று. லயத்தின் ஒற்றை அறையில் எழுவர் நெருங்கிப் படுத்தால், ஒருவர் இருமல் எழுவருக்கும் உரியது. செல்வ நாடுகளில் பெனிசிலின் வருமுன்னரே, வீடுகள் திருந்தத் தொடங்கிய காலத்தில் இந்நோய் குறையத் தொடங்கிற்று. எஞ்சிய உலகை நோக்கி உலக சுகாதாரப் பேரவை இதுபற்றித் தீர்மானம் நிறைவேற்றியது 2018 இல்தான்.

நோய் மீண்டும் தாக்காதிருக்க மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி, அதுவும் ஆண்டுக்கணக்கில். மருந்துக்குப் பணமில்லை. ஆயின் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் தாயாருக்குப் பேர் விழாது. அன்றைய கூலி போயிற்று.

“சேர், அடுத்தமுறை நான் தனியாவே போயிட்டு வந்துடுவேன்,” என்றாள் அவள். பன்னிரண்டு வயது.

வரவுப் பதிவேட்டின் ஓரத்தில் அவளுடைய ஊசி நாட்களைச் சிவப்பு மையால் குறித்துவைத்தோம். முதல் நாள் புதன்கிழமை. எமக்கு இரண்டு பாடவேளைகள் இருந்தன. அவற்றை வேறோர் ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு அவளுடன் பஸ் ஏறினோம்.