இரண்டு நியமனக் கடிதங்கள்

நான் செய்யும் வேலைக்குத் தமிழில் பெயர் கிடையாது. ஆங்கிலத்தில் 'பிஸிஷியன் அஸிஸ்டென்ட்', சுருக்கமாகப் பி.ஏ. இந்தச் சுருக்கம் நம்மூரில் குழப்பத்தை இன்னும் கூட்டவே செய்கிறது. பி.ஏ. என்றால் பட்டம், இல்லையேல் அமைச்சரின் அறை வாசலில் கோப்புடன் நிற்பவர். படிப்பை முடித்த செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது அம்மா சற்று யோசித்துவிட்டு, "நம்ம டாக்டர்கிட்ட கம்பவுண்டர் இருந்தாரே, அந்த மாதிரியாடி?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், முற்றிலும் இல்லை என்றும் சொல்ல முடியாதே என்று நிறுத்திக்கொண்டேன். நோயாளியைப் பரிசோதிப்பது, நோயைக் கண்டறிவது, மருந்து எழுதித் தருவது, காயத்துக்குத் தையல் போடுவது எல்லாம் எங்கள் பணிதான். ஆனால் ஒரு மருத்துவரின் பொறுப்போடு இணைந்து அதைச் செய்கிறோம். 2021-ல் அமெரிக்க பி.ஏ.க்களின் சங்கம் 'அஸிஸ்டென்ட்' என்ற சொல்லை 'அஸோஸியேட்' என்று மாற்றத் தீர்மானித்தது. அம்மாவின் ஐயத்தை அது தீர்க்கவில்லை.

இந்தத் தொழில் பிறந்தது நான் வசிக்கும் வட கரோலினாவில்தான். 1965-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜீன் ஸ்டெட் என்ற மருத்துவப் பேராசிரியர், கடற்படையில் மருத்துவப் பணியாளர்களாக இருந்து வெளியேறிய நால்வரைக் கொண்டு முதல் வகுப்பைத் தொடங்கினார். 1967 அக்டோபரில் அவர்களில் மூவர் படிப்பை முடித்தனர். ஸ்டெட்டுக்கு முன்மாதிரியாக அமைந்தவர்களில் ஒருவர், சாம்ப்சன் கவுண்டியில் உள்ள கார்லண்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஹென்றி லீ 'பட்டி' ட்ரெட்வெல். கறுப்பினத்தவர், மருத்துவக் கல்லூரி வாசலை மிதித்தவரல்லர். அவ்வூரின் பொது மருத்துவர் ஏமஸ் ஜான்சன் தம் அருகிலேயே வைத்து அவருக்கு வேலை கற்பித்தார். ஜான்சன் வெளியூர் சென்றிருக்கும் நாட்களில் மருத்துவமனையின் அன்றாட வேலைகளைக் கவனித்துக்கொள்ளும் அளவுக்கு ட்ரெட்வெல் தேர்ந்திருந்தார். அம்மாவின் கம்பவுண்டர் அவ்வளவு தொலைவில் இல்லை என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். இந்தியாவில் இந்தப் படிப்பு 1992-ல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் தொடங்கியது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம்.

நான் இதற்கு வந்து சேர்ந்தது நாற்பதை ஒட்டிய வயதில். கணவரைச் சார்ந்து வருபவர்களுக்குரிய எச்-4 விசாவில் இந்நாட்டுக்கு வந்தேன். க்ரீன் கார்டுக்காக ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தோம். அது கைக்கு வந்தால்தான் மத்திய அரசின் கல்விக் கடன் கிடைக்கும். அதன் பின் 27 மாதப் படிப்பு. அதில் இரண்டாம் பாதி முழுவதும் மருத்துவமனைகளில் சுழற்சிப் பயிற்சி. இறுதியில் 300 வினாக்கள் கொண்ட ஐந்து மணிநேரத் தேசியத் தேர்வு. சென்ற ஆண்டு தேர்ச்சி பெற்றபோது கையில் ஒரு சான்றிதழும் தலையில் 94,000 டாலர் கடனும் இருந்தன. மூத்த மகள் கல்லூரிக்குச் செல்ல இரண்டே ஆண்டுகள். கணவரின் மென்பொருள் நிறுவனத்தில் அதற்குள் இரண்டு முறை ஆட்குறைப்பு நடந்து முடிந்திருந்தது.

இந்நிலையில், ஒரே வாரத்தில் இரண்டு நியமனக் கடிதங்கள் வந்தன.

முதலாவது, ராலே நகரைச் சுற்றிக் கிளைகள் வைத்திருக்கும் ஓர் அவசர சிகிச்சை நிறுவனத்திடமிருந்து. முன்பதிவு இல்லாமல் காய்ச்சல், சுளுக்கு, வெட்டுக்காயம் என்று வருபவர்களைப் பார்க்கும் இடம். வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம். ஆண்டுக்கு 1,28,000 டாலர். கையெழுத்திட்டவுடன் 15,000 டாலர் ஊக்கத்தொகை. வீட்டிலிருந்து கால்மணி நேரப் பயணம்.

இரண்டாவது, சாம்ப்சன் கவுண்டியில் அரசு மானியத்துடன் இயங்கும் ஒரு சமூக நல மருத்துவமனையிடமிருந்து. புகையிலையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் விளையும் பூமி. வாரத்தில் நான்கு நாள், 1,04,000 டாலர். ஊக்கத்தொகை ஏதுமில்லை. போக அறுபது மைல், வர அறுபது மைல். பின்தங்கிய பகுதியில் பணிபுரிவோரின் கல்விக் கடனில் ஒரு பகுதியை அரசு அடைக்கும் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அது கிடைத்தே தீரும் என்ற உறுதி கிடையாது.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 மே மாதக் கணக்குப்படி இத்தொழிலில் இடைநிலை ஆண்டு ஊதியம் 1,30,020 டாலர். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களையும் சேர்த்த கணக்கு இது. நேற்றுத் தேர்வு எழுதிய ஒருத்திக்கு ஏறத்தாழ அதே தொகையை ஒரு நிறுவனம் தர முன்வருகிறது என்றால், அது எதை விலைக்கு வாங்குகிறது என்ற கேள்வி எழத்தானே செய்யும்? கடிதத்துடன் வந்த பதினெட்டுப் பக்க ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இலக்கியப் பிரதியை வரி வரியாக வாசித்துப் பழகிய நமக்கு இது ஒன்றும் கடினமன்று. சொல்லப்பட்டதைக் காட்டிலும் சொல்லாமல் விட்டது எது என்று பார்ப்பதுதானே நம் பழக்கம்.

ஊக்கத்தொகை இரண்டு ஆண்டுகள் பணியாற்றினால் மட்டுமே சொந்தம். முன்னதாக விலகினால் திருப்பித் தர வேண்டும். விலகிய பின் ஓராண்டுக்கு, அந்நிறுவனத்தின் எந்தக் கிளையிலிருந்தும் பதினைந்து மைலுக்குள் இதே வேலையைச் செய்யக் கூடாது. கிளைகளை வரைபடத்தில் குறித்து வட்டம் போட்டுப் பார்த்தேன். எங்கள் ஊரும் அக்கம்பக்க ஊர்களும் மொத்தமாக உள்ளே அடங்கிவிட்டன. அடுத்தது காப்பீடு. மருத்துவப் பிழை வழக்குகளுக்கான காப்பீட்டில் இரு வகை உண்டு. சிகிச்சை நடந்த நாளில் காப்பீடு இருந்தால் போதும் என்பது ஒன்று. வழக்கு வரும் நாளிலும் அது நடப்பில் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இந்த இரண்டாம் வகையில், வேலையை விட்ட பிறகு வரக்கூடிய வழக்குகளுக்காகத் தனியாக ஒரு நீட்டிப்பு வாங்க வேண்டும். தொழில்மொழியில் அதற்கு 'டெயில்', வால் என்று பெயர். ஒப்பந்தத்தில் இருந்தது இரண்டாம் வகை. வாலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மாறாக, சமூக நல மருத்துவமனையில் பணியாற்றுபவர்களை இத்தகைய வழக்குகளில் மத்திய அரசின் சட்டமே காக்கிறது. அங்கே வாலுக்கு அவசியமில்லை.

ஆனால் என்னை உறங்க விடாதது இவை எதுவுமன்று. பயிற்சி பற்றிய பத்தியில் இருந்தது இரண்டு வாரம் என்ற ஒற்றைக் குறிப்பு மட்டுமே. அதன் பிறகு கிளையில் நான் ஒருத்தி, ஒரு செவிலியர், ஓர் எக்ஸ்ரே பணியாளர். மேற்பார்வை மருத்துவர் தொலைபேசியில். அவரோ ஆறு கிளைகளுக்குப் பொறுப்பு. நேர்காணலின்போது, ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகள் என்று கேட்டேன். நாற்பது வரை போகும் என்றார்கள். மருத்துவரை அழைத்தால் எவ்வளவு நேரத்தில் கிடைப்பார் என்று கேட்டேன். "வழக்கமாகச் சீக்கிரம் கிடைத்துவிடுவார்" என்றார்கள். வழக்கத்துக்கு மாறான நாளைப் பற்றித்தான் நான் கேட்டிருந்தேன். இதில் சட்டமீறல் ஏதுமில்லை. அப்போது நடைமுறையில் இருந்த மாநில விதி கேட்டதெல்லாம், முதல் ஆறு மாதம் மேற்பார்வை மருத்துவரும் பி.ஏ.வும் மாதம் ஒருமுறை சந்தித்துப் பேச வேண்டும் என்பதே. மீதமுள்ள நாட்களை வேலை தருபவரின் மனசாட்சியிடம் விட்டிருந்தார்கள்.

சாம்ப்சனில் நேர்காணல் என்று தனியாக ஒன்று நடக்கவில்லை. ஒரு முழு நாள் உடன் இருந்து பாருங்கள் என்றார்கள். ஜூலை மாதம். அறுபதைத் தாண்டிய மருத்துவர். ஆங்கிலத்தையும் ஸ்பானிய மொழியையும் ஒரே மூச்சில் பேசுகிறவர். முற்பகலில் ஓர் இளைஞனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தனர். புகையிலை அறுவடைக்காக மெக்சிகோவிலிருந்து எச்-2ஏ விசாவில் வந்திருப்பவன். (அவர்களுடையதும் 'எச்'சில் தொடங்கும் விசாதான், காத்திருக்கும் வரிசைகள்தான் வேறு.) வாந்தி, தலைசுற்றல், கடும் தலைவலி, வெளிறிய முகம். மருத்துவர் என் பக்கம் திரும்பி, என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். வெப்பத்தால் ஏற்பட்ட தளர்ச்சி, வயிற்றுத் தொற்று, பூச்சிமருந்து நஞ்சு என்று பாடப்புத்தக வரிசையில் சொன்னேன். அவர் தலையசைத்தார். இளைஞனின் கண்மணிகளைப் பார்த்தார். எச்சில் மிகுதியாகச் சுரக்கிறதா என்று பார்த்தார். பிறகு அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "காலையில் இலை ஈரமாக இருந்ததா?"

ஈரமாகத்தான் இருந்தது. முந்தைய இரவு மழை. பச்சைப் புகையிலையில் பனியோ மழைநீரோ படிந்திருந்தால் இலையின் நிக்கோடின் அந்த ஈரத்தில் கரைந்து, நனைந்த சட்டை வழியே தோலுக்குள் இறங்கிவிடும். பச்சைப் புகையிலை நோய் என்றே இதற்குப் பெயர். உடையை மாற்றி, உடலைச் சோப்புப் போட்டுக் கழுவி, வாந்திக்கு மருந்தும் திரவமும் கொடுத்தார்கள். மாலையில் அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். ராலேயின் தொலைபேசி மருத்துவர் திறமையில் குறைந்தவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொலைபேசியில், நான் கேட்கத் தெரிந்து கேட்பதற்கு மட்டும்தான் அவரால் விடை சொல்ல முடியும். எனக்குக் கேட்கத் தோன்றாத கேள்வியைப் பக்கத்து நாற்காலியில் இருப்பவர்தான் கேட்க முடியும்.

இதை வீட்டில் சொன்னபோது கணவர் மறுக்கவில்லை. அவர் மறுத்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"நீ சொல்றது சரிதான். ஆனா வருஷத்துக்கு 24,000 வித்தியாசம். எனக்கு அடுத்த மாசம் வேலை இருக்குமான்னு எனக்கே தெரியாது. இவ காலேஜ் போகணும்" என்றார்.

"ரெண்டு வருஷம் அங்க கத்துக்கிட்டா, அதுக்கப்புறம் எங்க வேணா போகலாம்" என்றேன்.

"ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் இவளுக்கு ஃபீஸ் கட்டணும். அப்பக் கையில என்ன இருக்கும்னு பாரு."

அந்த வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை. நல்ல பயிற்சி, நல்ல மனிதர்கள் என்று நான் அடுக்கியவை எல்லாம் உண்மை. மகளின் கட்டணமும் அதே அளவுக்கு உண்மை. லட்சியத்துக்கும் பணத்துக்கும் இடையிலான போராட்டம் என்று இதை எழுதினால் கதைக்குப் பொருந்தும், நடந்ததற்குப் பொருந்தாது. இரண்டு பக்கமும் இருந்தவை கடமைகளே. ஒருபக்கம் நான் பெற்ற பிள்ளை. மறுபக்கம், இன்னும் முகம் தெரியாத யாரோ ஒருவருடைய பிள்ளை, நாற்பது பேர் வரிசையில் முப்பத்தேழாவதாக வந்து, களைத்துப்போன என் முன்னால் உட்காரப் போவது.

கடைசியில் இரு தரப்புக்கும் கடிதம் எழுதினேன். ராலே நிறுவனத்திடம் மூன்று கோரிக்கைகள்: பயிற்சி மூன்று மாதமாக வேண்டும், அந்தக் காலத்தில் அனுபவமுள்ள ஒருவர் அதே கிளையில் உடன் இருக்க வேண்டும், காப்பீட்டின் வாலை நிறுவனமே ஏற்க வேண்டும். ஒப்பந்தம் அனைவருக்கும் பொதுவானது, மாற்றுவதற்கில்லை என்று பணிவான மறுமொழி வந்தது. ஊக்கத்தொகையை மட்டும் 20,000 ஆக உயர்த்தியிருந்தார்கள். சாம்ப்சனிடம் ஊதிய உயர்வும், பயிற்சித் திட்டத்தை எழுத்தில் தருமாறும் கேட்டேன். 3,000 டாலர் கூட்டினார்கள். அதற்கு மேல் இயலாது என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். பயிற்சித் திட்டம் ஒரு பக்கத்தில் வந்தது: முதல் மாதம் நாளுக்கு ஆறு நோயாளிகள், மூன்றாம் மாத முடிவில் பன்னிரண்டு, ஆறு மாதம் வரை ஒவ்வொரு நாளும் பணி முடிந்த பின் அரைமணி நேரம் மருத்துவருடன் அன்றைய நோயாளிகளைப் பற்றிப் பேசுதல்.

பணம் கேட்டபோது எங்கே வளைந்தார்கள், பயிற்சி கேட்டபோது எங்கே வளைந்தார்கள் என்று இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டிக்கு டயர் மாத்தணும். இந்த டயர் அவ்வளவு தூரம் தாங்காது" என்றார். அவருடைய சம்மதம் எப்போதும் அப்படித்தான் வரும்.

உரிமம், காப்பீட்டு நிறுவனங்களின் ஒப்புதல் எல்லாம் வந்து சேர நான்கு மாதங்கள் பிடித்தன. நவம்பரில் சேர்ந்தேன், இப்போது ஒன்பது மாதம் ஆகிறது. நாளுக்குப் பதினாறு பேரைப் பார்க்கிறேன். கடனடைப்புத் திட்டத்துக்கு விண்ணப்பித்து முடிவுக்குக் காத்திருக்கிறோம். மகளின் கல்லூரிப் பட்டியலில் மாநில அரசின் பல்கலைக்கழகங்கள் மட்டுமே இருக்கின்றன. அவளாகவே அப்படித் தேர்ந்தெடுத்தாளா, எங்கள் பேச்சு காதில் விழுந்து தேர்ந்தெடுத்தாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சென்ற மாதம் மாலைப் பேச்சு முடிந்து கிளம்பும்போது, அடுத்த ஆண்டு இறுதியில் ஓய்வு பெற எண்ணியிருப்பதாக மருத்துவர் சொன்னார். அவர் இடத்துக்கு யார் வருவார், வருபவர் மாலையில் அரைமணி நேரம் உட்காருவாரா என்பது பற்றி என் ஒப்பந்தத்தில் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. இப்போது, எனக்குப் பின் சேர்ந்திருக்கும் புதிய பி.ஏ. ஒருவர் இருக்கிறார். இருபத்தைந்து வயதுப் பெண். ஸ்பானிய மொழி தாய்மொழி. திங்கட்கிழமைகளில் மட்டும், மருத்துவர் அனுமதியுடன், அவளுடைய அன்றைய நோயாளிகளைப் பற்றி நானும் அவளும் உட்கார்ந்து பேசத் தொடங்கியிருக்கிறோம்.