கால் ஒத்துழைக்காதபோது

பெரியப்பாவுக்கு வயது 71. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மாடிப்படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்றார். டி.எம்.டி., அதாவது டிரெட்மில்லில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் சோதனை, எழுதித் தந்தார்கள். இரண்டாவது நிமிடமே கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, "நிறுத்துப்பா, முட்டி போகுது" என்றார்.

*

220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத் துடிப்பையாவது எட்டவேண்டும் என்பது கணக்கு. அவருக்கு 127. இறங்கும்போது 98. ரிப்போர்ட்டில் 'ஈ.சி.ஜி. மாற்றம் இல்லை' என்று இருந்ததைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சோதனையே முடியவில்லை, இதில் நார்மல் எங்கிருந்து வந்தது?

*

கால் செய்யாததை மருந்து செய்யும். டோபுட்டமின் ஏற்றினால் படுத்த இடத்திலேயே இதயம் ஓடுகிறவனுடையதுபோல அடிக்கும். அப்போது எந்தச் சுவர் சுணங்குகிறது என்று எக்கோவில் தெரியும். அடினோசின் வேறு ரகம். நல்ல ரத்தக்குழாய்கள் அகலமாக விரியும். அடைப்புக்கு அப்பால் இருப்பவையோ, வருகிற கொஞ்ச ரத்தத்தை வாங்க முன்பே முடிந்தமட்டும் விரிந்து கிடப்பவை. மேலே விரிய இடமில்லை. ரத்தத்தோடு போகும் கதிரியக்கப் பொருளை வைத்து, இந்த ஏற்றத்தாழ்வைத்தான் காமா கேமரா படமெடுக்கிறது. இப்போது பெரும்பாலும் டெக்னீசியம்தான் போடுகிறார்கள். நம் வாயில் இன்னும் 'தாலியம் டெஸ்ட்'.

*

பெரியப்பாவுக்கு எழுதியது அடினோசின். முதல் நாள் போய், சோதனை செய்யாமலே திரும்பினோம். விடியற்காலை பெரியம்மா வழக்கம்போல டபராவில் காபி கொடுத்துவிட்டார். அடினோசின் போய் உட்காரவேண்டிய இடத்தில் காஃபீன் முன்னாலேயே துண்டு போட்டுவிடுமாம். குறைந்தது 12 மணி நேரம் கூடாது. 24 என்று சொல்லும் இடங்களும் உண்டு. டீ, கோலா, சாக்லேட்டும் சேர்த்தி. இதை முந்தின நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

*

மறுநாள் மருந்து ஏறியதும் முகம் சிவந்தது, நெஞ்சு கனத்தது. நான்தான் பயந்தேன். ஊசியை நிறுத்தியதும் சட்டென்று தணிந்தது. ரத்தத்தில் அதன் ஆயுள் சில விநாடிதான்.

*

சி.டி. ஆஞ்சியோவும் உண்டு. அதற்குத் துடிப்பு குறையவேண்டும், மாத்திரை கொடுத்து அடக்குவார்கள். அடைப்பு இருப்பதைக் காட்டும். அதனால் தசைக்கு ரத்தம் குறைகிறதா என்பது வேறு கேள்வி.

*

டி.எம்.டி. எழுதும்போதே, நடக்க முடியாது என்றால் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ஆஸ்துமா இருந்தால் அதையும். அடினோசின் மூச்சை இழுக்கவைக்கும்.