வாய் திறக்காத பிள்ளைகள்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் பண்ணினாள். இப்போது அவளும் டீச்சர். "சார், என் வகுப்புல நாலு இருளர் பிள்ளைங்க. என்ன கேட்டாலும் தலையைக் குனிஞ்சுக்கிறாங்க. என்ன செய்யறது?" என்றாள். போனில் சொன்னது போதவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

செங்கல்பட்டுப் பக்கம் நான் வேலை பார்த்தபோது ஏழாம் வகுப்பில் உணவுச் சங்கிலி நடத்தணும். புத்தகத்தில் புல், மான், புலி. நம்ம ஊரில் ஏது புலி? நெல், எலி, பாம்பு என்று போர்டில் எழுதினேன். "வயல்ல எலி வளையை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று வகுப்பைக் கேட்டேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன் மெல்ல ஆரம்பித்தான். வளைக்கு வாசல் ஒன்று இல்லையாம், தப்பிக்கத் தனி வழி இருக்குமாம், உள்ளே நெற்கதிரைச் சேர்த்து வைத்திருக்குமாம். கால் மணி நேரம் அவன்தான் வாத்தியார். ஒரு வளையில் எவ்வளவு நெல் கிடைக்கும் என்று அவன் சொன்ன அளவை வைத்தே மறுநாள் பெருக்கல் கணக்கும் போட்டோம்.

ஆனால் ஒன்று. "நீ பாம்பு பிடிக்கிற வீட்டுப் பையன்தானே, எழுந்து சொல்லு" என்று மட்டும் கேட்டுவிடாதே அம்மா. மறுநாளே 'பாம்பு' என்று பட்டப்பெயர் விழும், அதற்கடுத்த நாள் பிள்ளை வராது. இன்று பல குடும்பங்கள் இருப்பது செங்கல் சூளையில், பாம்பைத் தொட்டே இருக்காது. கேள்வி எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கியது. பாம்புக்கடி மருந்துக்கான விஷத்தை எடுத்துவிட்டு, பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த இனத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரையும் 2017-இல் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே கூப்பிட்டார்கள். 2023-இல் பத்மஸ்ரீ. இதை அந்த நாலு பேருக்குத் தனியாகச் சொல்லாமல், அறிவியல் பாடமாகவே முழு வகுப்புக்கும் நடத்து.

சூளைக்குப் போன குடும்பம் திரும்பும்வரை பெயரை அடிக்காமல் வை. வந்ததும் விட்ட பாடத்தைச் சாயங்காலம் அரை மணி நேரம் சொல்லிக் கொடு.

இதையெல்லாம் தாண்டி வந்த பிள்ளைகளும் சாதிச் சான்றிதழ் இல்லாமல் மேற்படிப்பில் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியர் கொடுப்பது. அப்பா, தாத்தாவிடம் எந்தக் காகிதமும் இருக்காது, அலைச்சலில் வருஷம் ஓடிவிடும். உங்களில் வருவாய்த் துறையில் இருப்பவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். அந்த நாலு பிள்ளைகளுக்கு இப்போதே மனு போடணும்.