நாவின் முடிச்சு

நபி மூஸா (அலை) அவர்கள் ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு பணிக்கப்பட்டபோது, தம் நாவின் முடிச்சை அவிழ்த்தருளுமாறு இறைவனிடம் இறைஞ்சினார்கள்; தம் உடன்பிறந்தார் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாக்கித் தருமாறும் வேண்டினார்கள். திருமறையின் ‘தாஹா’ அத்தியாயத்தில் வரும் இச்செய்தியை ஓதாத மதரஸாப் பிள்ளைகள் நம்மிடையே குறைவு. இக்கல்லூரியில் பயின்று, இன்று அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் வாழும் எனக்கு, அவ்வேண்டுதலின் பொருள் என் இல்லத்திலேயே விளங்கலாயிற்று.

எங்கள் இளைய மகன் இரண்டு வயது நிறைந்தும் நான்கைந்து சொற்களுக்கு மேல் பேசவில்லை. பிறந்தது முதல் மூன்று வயது வரையுள்ள இத்தகைய குழந்தைகளுக்கு உதவி கிடைக்க, 1986ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் அந்நாட்டில் வழிவகுத்தது. அவ்வழியே பேச்சுப் பயிற்சியாளர் ஓர் அம்மையார் வாரந்தோறும் வீட்டுக்கு வந்தார். தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று உறவினர் பலர் அறிவுரை கூறியிருந்த வேளை அது. அவரோ, இருமொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குன்றுவதில்லை. உங்கள் உள்ளம் எம்மொழியில் இயல்பாக ஓடுகிறதோ அம்மொழியிலேயே பிள்ளையிடம் பேசுங்கள் என்றார். ஓராண்டுக்குள் மகன் “உம்மா, தண்ணி தா” என்றான். அல்ஹம்துலில்லாஹ்.

அன்று தொட்டு என் துணைவியாரின் சிந்தை அத்துறையின்பால் சென்றது. காப்பீட்டு நிறுவனமொன்றில் கணினிப் பணியில் 12 ஆண்டுகள் கழித்தவர், தமது 38ஆம் வயதில் அதனைத் துறந்து பேச்சு மொழி நோய்க்கூற்றியலில் முதுகலை பயில விரும்பினார். வேறு துறையில் பட்டம் பெற்றவர் முதலில் ஒலியியல், பேச்சுறுப்புகளின் உடற்கூறு, செவியியல் முதலான அடிப்படைப் பாடங்களைக் கற்றாக வேண்டும். அதன்பின் ஈராண்டு முதுகலை. அதனூடே 400 மணி நேர மருத்துவப் பயிற்சி. தேசியத் தேர்வும் உண்டு. எல்லாம் முடிந்தபின்னும், குறைந்தது 36 வாரங்கள், 1,260 மணி நேரம் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் பணிபுரிந்தாலன்றி முழுத் தகுதிச் சான்று கிடைக்காது.

ஊரிலிருந்து பெரிய வாப்பா தொலைபேசியில் கேட்டார்: “பொம்புளப் புள்ள நல்ல உத்தியோகத்த விட்டுட்டு இந்த வயசுல எதுக்கும்மா படிப்பு? நீயாவது சொல்லப்படாதா தம்பி?” அவர் கேட்டதில் அன்பும் இருந்தது, கணக்கும் இருந்தது. இரு வருவாய் ஒன்றாகச் சுருங்கும். கல்விக் கட்டணமோ பெருந்தொகை. அந்நாட்டில் மாணவர் பெறும் கல்விக்கடன் வட்டியோடு கூடியது. அதனைத் தொடுவதில்லை என்பதில் நாங்கள் இருவரும் உறுதியாக இருந்தோம். எனவே ஊரில் வீடு கட்டச் சேர்த்த பணம் கட்டணமாயிற்று. போதாததற்கு அவரது நகைகள் சில போயின. எஞ்சியதை என் தமக்கை அழகிய கடனாகத் தந்தார். துணைவர் பட்ட துன்பங்களையெல்லாம் தியாகம் என்று எழுதுவது மலர்களில் வழக்கம். எனக்கு அச்சொல்லில் உடன்பாடில்லை. நான் சோறு சமைத்தேன். மூத்தவளின் பள்ளிக் கூட்டங்களுக்குச் சென்றேன். நோன்பு மாதத்தில் தேர்வு வந்த ஆண்டு ஸஹருக்கு அவரை எழுப்பி, உண்ட கையோடு இளையவனை நானே பார்த்துக்கொண்டேன். அவ்வளவே.

உண்மையில் எனக்கு வாய்த்தது பெரும் இன்பம். ஒலியியல் பாடத்துக்காக என்னைப் பேசவைத்து, உலக ஒலிக்குறியீடுகளில் எழுதிப் பழகுவார். ‘ழ’ என்று நூறு முறையாவது சொல்லியிருப்பேன். ஒருநாள் நான் தொல்காப்பியத்தின் பிறப்பியலை எடுத்துக் காட்டினேன். வயிற்றிலிருந்து மேலெழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டிடங்களால் எழுத்தொலியாவதையும், ரகரத்தையும் ழகரத்தையும் ஒரே முயற்சியில் பிறப்பனவாக ஆசிரியர் இணைத்திருப்பதையும் விளக்கினேன். அவர் சிரித்துக்கொண்டே, “இதத்தானே சின்ன வயசுல ஓதுற பள்ளியில மக்ரஜ்னு படிச்சோம்!” என்றார். ‘ஐன்’ தொண்டையின் நடுவிலிருந்து, ‘ளாத்’ நாவின் ஓரத்திலிருந்து என்று பிரம்போடு கற்பித்த உஸ்தாதின் பாடம் அது. எட்டாம் நூற்றாண்டில் அறிஞர் கலீல் இப்னு அஹ்மத் தம் அகராதியைத் தொண்டை ஒலியான ஐனில் தொடங்கி இதழொலிகளை நோக்கி வரிசைப்படுத்தியதும், அவர் மாணவர் ஸீபவைஹி ஒலிகளின் பிறப்பிடங்கள் 16 என வகுத்ததும் இதே அறிவுதான். தொல்காப்பியரையும் ஸீபவைஹியையும் அமெரிக்கப் பாடநூலையும் ஒரே உணவு மேசையில் விரித்து வைத்த இரவுகள் அவை!

இரண்டாம் ஆண்டில் மருத்துவமனைப் பயிற்சி. பக்கவாதத்தால் மூளையின் இடப்பாகம் தாக்குண்டு பேச்சிழந்த முதியவர் ஒருவர் அங்கிருந்தார். அவர் பெயரையோ ஊரையோ துணைவியார் என்னிடமும் சொன்னதில்லை. அது அத்தொழிலின் ஒழுங்கு. குவளையைக் காட்டினால் குவளை என்று சொல்ல இயலாது. மகளின் பெயரும் வராது. மார்க்கப் பற்றுள்ளவர் என்பதறிந்து, துணைவியார் ஒருநாள் அவரருகே அமர்ந்து ‘பிஸ்மில்லாஹ்’ என்று தொடங்கினார். முதியவர் அல்ஹம்து சூராவை முழுவதும் தடையின்றி ஓதி முடித்தார். பழகிப் பதிந்த ஓதலும் எண் வரிசையும் இந்நோயில் பலருக்கு எஞ்சி நிற்கும் என்பது நூலறிவு. ஆயினும் அதனைக் காதால் கேட்ட அம்முதியவரின் மனைவி அழுதுவிட்டாராம். ஓத முடிவதால் பேச்சு மீண்டுவிட்டதென்று எண்ணிவிடாதபடி அவருக்கு எடுத்துரைப்பதே அன்றைய கடினமான பணி என்று துணைவியார் சொன்னார். அன்றிரவு அவர் உண்ணவில்லை.

இன்று அவர் ஓர் அரசுப் பள்ளியில் பணிபுரிகிறார். பழைய ஊதியத்தைவிட இது குறைவு. தமக்கையின் கடனில் இன்னும் பதினொரு தவணைகள் உள்ளன. ஊரில் வாங்கிய மனையில் பெரிய வாப்பா முருங்கை நட்டிருக்கிறார். வீடு எப்போது என்று இப்போது அவர் கேட்பதில்லை. பக்கத்துத் தெருவில் நான்கு வயதாகியும் பேசாத ஒரு பிள்ளை இருக்கிறதாம். அடுத்த விடுமுறைக்கு எப்போது வருகிறீர்கள் என்று அவளிடம் கேட்டுச் சொல் என்கிறார்.